வரகுச் சோறும் நெற்சோறும்

நம் வட்டத்தில் பெரும்பாணாற்றுப்படையைப் பாடம் கேட்ட நாட்களில் ஒரு பிற்பகல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. முல்லை நிலத்து உழவர் பாணனுக்கு வரகுச் சோறும் அவரைப் புழுக்கும் இட்டு விருந்தோம்பும் பகுதியை உரையுடன் படித்து முடித்திருந்தோம். கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, வரகு எப்படி இருக்கும்?" என வினவினார். கூடியிருந்த முப்பது பேரில் அதனைக் கண்ணால் கண்டவர் இருவரே. தினையையும் சாமையையும் பக்கத்தில் வைத்தால் வேறுபடுத்திக் காட்ட வல்லவர் அவ்விருவரிலும் ஒருவர்தாம். ஏனையோர் சொல்லை அறிந்திருந்தோம், தானியத்தை அறியவில்லை. உணவும் சுற்றுச்சூழலும் பற்றிப் பலரும் பேசுகிற இக்காலத்தில், அந்த மாணவருக்கு அன்று முழுமையாகச் சொல்ல இயலாமற்போன விடையை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடிய அந்நூலை உணவு வரலாறாகவும் படிக்கலாம். காஞ்சி நோக்கிச் செல்லும் பாணன் வழியெங்கும் உண்டுகொண்டே போகிறான். எயினர் குடியில் எறும்பு சேர்த்த புல்லரிசி. ஆயர் குடியில் பாலொடு தினைச்சோறு. முல்லையில் வரகும் அவரையும். மருதத்தில் வெண்ணெற் சோறும் கோழிப் பொரியலும். ஒரு நாள் நடைக்குள் சோறு மாறுகிறது. ஏனெனில் மண் மாறுகிறது. வரகு விளையும் மேட்டு நிலத்துக்கு எவரும் நெல்லைச் சுமந்து செல்லவில்லை. இதனை அக்காலத்தார் ஓர் அறமாகக் கருதினர் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டிப் பாதையும் வறுமையும் அவர்களை அவ்வாறு வைத்திருந்தன என்பதே உண்மைக்கு நெருக்கமானது. பண்டையோரை எல்லாம் சூழலியலாளராக்கிக் காட்டும் இன்றைய மேடைப் பேச்சு எனக்கு உடன்பாடன்று.

நெல் ஏனைய தானியங்களுக்கு மேலே ஏறியமைக்கு நாவின் சுவை மட்டும் காரணமன்று. சோழர் கல்வெட்டுகளைப் புரட்டினால் வரியும் ஊதியமும் கொடையும் நெற்கலக் கணக்கில் ஓடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே சூட்டினர். அரசன் அளந்து வாங்கும் தானியம் எதுவோ அதுவே மதிப்புடைய தானியமாகும். இறைவனுக்குப் படைக்கும் அமுதும் நெற்சோறாயிற்று. வரகு கோபுரக் கலசங்களுக்குள் சென்று அமர்ந்தது. மேட்டுக்காட்டு மக்களோ கம்பையும் சோளத்தையும் கேழ்வரகையும் உண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்டனர். இந்நிலை அண்மைக்காலம் வரையில் நீடித்ததை நம்முள் முதியோர் அறிவர்.

வெள்ளையர் ஆட்சியில் இன்னொன்று நிகழ்ந்தது. செட்டிநாட்டு வணிகர் கடனாகக் கொடுத்த பணமும் தமிழகத்திலிருந்து கப்பலேறிய கூலிகளின் உழைப்பும் பர்மாவில் ஐராவதி ஆற்றுப் படுகையை நெற்களமாக்கத் துணைபுரிந்தன. அவ்வரிசி கடல்வழியே மீண்டும் சென்னை மாகாணத்துக்கு வந்தது. கடலுக்கப்பால் விளைந்ததை நம்பி உண்ணும் பழக்கம் அவ்வாறு படிந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. மறு ஆண்டே இங்குப் பங்கீட்டு முறை வந்தது. 1952-இல் இராஜாஜி அதனை நீக்கினார். ஆனால் அரிசிக்காக அரசை எதிர்நோக்கும் மனநிலை நீங்கவில்லை.

ஆய்வகமும் அத்திசையிலேயே நடந்தது. 1912-இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் பார்னெல் அங்குத் தெரிந்தெடுத்த ஜி.இ.பி. 24 என்னும் நெல், உலகெங்கும் பல இரகங்களுக்கு மூதாதை ஆயிற்று. ஆடுதுறை 27 அதன் வழி வந்தது. பிலிப்பைன்ஸில் உருவாகிப் பின் நம் வயல்களை நிறைத்த ஐ.ஆர். 20-க்கும் திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6 வழியாக ஜி.இ.பி. 24-இன் உறவு உண்டு. 'அயல்நாட்டு விதை' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவோர் இதனைக் கருதுதல் நலம். 1960-61-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் முதற்கண் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1966-இல் ஐ.ஆர். 8 வெளிவந்தது. குட்டையான தாள், மிகுதியான கதிர். ஆயின் உரமும் நீரும் தவறாது கேட்கும் பயிர். நெடுநெல்லின் வைக்கோலை நம்பியிருந்த மாட்டுக்கும் கூரைக்கும் அதனால் வந்த குறையை அன்று கணக்கிட்டவர் சிலரே.

அந்த அவசரத்தை இன்றிருந்து பழிப்பது எளிது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் ஓர் ஆட்சியையே மாற்றியது என்றால், மக்களின் வயிறு எவ்வாறு இருந்திருக்கும்? 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தனர். அக்கொடுமைக்குப் பின்புலமாக இருந்த கூலிப் போராட்டத்தில் உழைப்பாளர் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். பசுமைப் புரட்சியின் மாதிரி மாவட்டம் எனப்பட்ட அதே தஞ்சையில் நிகழ்ந்தது இது. நெல் என்பது வெறும் உணவாக மட்டும் இருந்திருந்தால் அரைப்படிக்காக இத்தனை பகை மூண்டிருக்காது. அது தகுதியின் அளவாகவும் இருந்தது. பின்னர் 2008-இல் கிலோ ஒரு ரூபாய் என்றும் 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடைகளில் அரிசி கிடைத்தபோது, தலைமுறை தலைமுறையாகக் கூழ் குடித்தவர்கள் அதனை வரவேற்றதில் வியப்பில்லை. அக்கொடையின் கூடவே மேட்டுக்காட்டுப் புன்செய்த் தானியங்கள் அடுக்களையிலிருந்து வெளியேறின என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லாதவர் இவ்வரலாற்றில் பாதியையே சொல்கிறார்.

இன்னொரு காரணம் நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. வரகு, சாமை, குதிரைவாலி ஆகியவற்றின் உமி எளிதில் நீங்காது. வரகோ மிகவும் பிடிவாதமானது. நெல்லுக்கு ஊர்தோறும் அரைவை ஆலை வந்தபின்னும் இவற்றுக்கு உரலும் உலக்கையும் திரிகையுமே கதி. அன்றைய கூட்டத்தில் வரகைக் கண்டிருந்த இருவருள் ஒருவர் மதுரைக்கு மேற்கே பிறந்த அம்மையார். பிறிதொரு கூட்டத்தில் வரகுப் பொங்கல் பரிமாறியபோது அவர் இலையை மூடிவிட்டார். "நீங்கள் சாப்பிடுங்கள் தம்பி. பன்னிரண்டு வயதிலிருந்து இதைக் குத்திக் குத்திக் கை காய்த்தவள் நான். எனக்கு நெல்லுச்சோறு போதும்" என்றார். சிறுதானியத்தின் சிறப்பைப் பற்றி நான் ஆயத்தம் செய்து வந்திருந்த உரையை அன்று சுருக்கிக்கொண்டேன்.

கொல்லிமலையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று சாமையிலேயே பல வகைகளை மலையாளி மக்கள் போற்றி வந்தனர். சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக் கொல்லைகள் சுருங்கின. மரவள்ளி பணம் தரும், குத்தத் தேவையில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்குப் பணியாற்றியபோது விதையைக் காப்பதோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களைப் பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தனர். அறிவுரைகளினும் அவ்வியந்திரங்கள் பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

நிலமும் நீரும் தம் கணக்கை வேறாக எழுதுகின்றன. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து, வயலில் சராசரியாக 2500 லிட்டர் நீர் செல்கிறது என்பது நெல் ஆய்வாளர் மதிப்பீடு. நீர் கட்டிய சேற்றில் காற்றுப் புகாமையால் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. புவி வெப்பமுறுதலில் அவ்வாயுவுக்குப் பெரும்பங்கு உண்டு. சிறுதானியங்களோ மானாவாரியில், மூன்று மாத அளவில் கதிர் முற்றிவிடும். ஆயினும் காவிரிப் படுகையின் களிமண்ணில் பருவமழைக் காலத்தில் நெல்லைத் தவிர வேறொன்று நிற்காது. அங்கே வரகை விதைக்கச் சொல்வது பெரும்பாணாற்றுப்படைக்கே எதிரான பேச்சு. அங்கு வேண்டுவது நீரைச் சிக்கனமாக்குதல். நம் உழவர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என வழங்கும் முறை அதுதான். மடகாஸ்கரில் 1980-களில் லொலானி என்னும் பாதிரியார் வகுத்த ஒற்றை நாற்று முறையும் வயலில் எந்நேரமும் நீரை நிறுத்துவதில்லை. அம்முறையே தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி இங்கு 'இராசராசன் 1000' எனப் பெயர் பெற்றது.

மரபு நெல்லுக்கும் இடமுண்டு. கோவில்பட்டி அரசுப் பண்ணைப் பணியை 1969-இல் துறந்து வெளிவந்த கோ. நம்மாழ்வார் (1938-2013) ஊர் ஊராக நடந்து பேசியதன் விளைவுகளுள் ஒன்று, திருத்துறைப்பூண்டிப் பகுதியின் நெல் ஜெயராமன். 2006 முதல் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை பெறுபவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. யானை புகுந்தால் மறையும் உயரமுடையதெனப் பெயர்பெற்ற காட்டுயானம் முதலாக 170-க்கு மேற்பட்ட இரகங்கள் அவ்வாறு கைமாறின. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார்.

ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சென்னை, கோவைக் கடைகளில் வரகரிசி அழகிய பைகளில் ஏறியது; விலையும் ஏறியது. ஒரு காலத்தில் ஏழையின் இழிவாகக் கருதப்பட்டதை இன்று ஏழை வாங்க முடியவில்லை. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் வேறெந்தக் கொண்டாட்டத்திலும் காணாத ஒரு நியாயத்தைக் காண்கிறேன். நெல்லை உயர்த்திய அதே அரசு மரக்கால், நீண்ட காலத்துக்குப் பின் மேட்டுக்காட்டுத் தானியத்தையும் அளக்கத் தொடங்கியிருக்கிறது. கேள்வி கேட்ட மாணவர் இப்போது தருமபுரிப் பக்கம் ஆசிரியராக இருக்கிறார். அந்தக் கேழ்வரகை எத்தனை வீட்டார் களியாக்குகின்றனர், எத்தனை வீட்டார் கோழிக்கு இடுகின்றனர் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.