வினா வடிவில் வந்த அவதூறு

வினா ஆறு வகைப்படும் என்பர் நன்னூலார். அவற்றுள் ஐயவினா, வினவுவோன் தன் ஐயத்தைப் போக்கிக்கொள்ள எழுப்புவது. பிறர் மனத்தில் ஐயத்தை விதைக்க எழுப்பும் வினாவை அமெரிக்கத் தேர்தல் களத்திலேதான் காண வேண்டும்.

2000ஆம் ஆண்டில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல்கள் நடைபெற்றன. பிப்ரவரி 1ஆம் நாள் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஜான் மெக்கெய்ன், ஜார்ஜ் புஷ்ஷைப் பெரும் வேறுபாட்டில் வென்றார். அடுத்த பெருங்களம் தென் கரோலைனா. அங்கே மெக்கெய்னைப் பற்றிய அவதூறுகள் துண்டறிக்கைகளாகவும், கருத்துக் கணிப்பு என்னும் போர்வையில் வந்த தொலைபேசி அழைப்புகளாகவும் உலவின. மணவாழ்வுக்குப் புறத்தே கறுப்பினக் குழந்தையொன்றுக்கு அவர் தந்தை என அறிந்தால் வாக்களிப்பீரா என்பது அவ்வழைப்புகளில் கேட்கப்பட்டதாகப் பெரிதும் பேசப்பட்ட வினா. உண்மையில் அவர் இல்லத்தில் வளர்ந்தவள் வங்காளதேசத்திலிருந்து தத்தெடுத்த மகள். அன்பின் செயலே பழியாகத் திரிக்கப்பட்டது. புஷ் தரப்பினர் தமக்குத் தொடர்பில்லை என்றனர். செய்தவர் யாரென்று மெய்ப்பிக்கப்படவும் இல்லை. பிப்ரவரி 19ஆம் நாள் புஷ் வென்றார்.

எதிராளியின் குறைகளுள் எது மக்களிடம் எடுபடும் எனச் சில நூறு பேரிடம் வினவி, விடைகளைத் தொகுத்துப் பார்ப்பது கட்சிகளின் வழக்கமான ஆய்வே. விடையைக் குறித்துக்கொள்ளும் எண்ணமின்றி ஆயிரக்கணக்கானோரை அழைப்பது ஆய்வன்று, பரப்புரை. தொலைபேசியை எடுத்த வாக்காளரோ எத்தனை பேர் அழைக்கப்பட்டனர் என்பதை அறியார். அவர் செவியில் விழுவது ஒரே வினாதான்.