அயலவர்களின் விளையாட்டு விழா

தெற்காசிய நாடுகள் ஒரு கூட்டமைப்பாக ஒன்றுசேரும் முன்னரே அவற்றின் வீரர்கள் ஒரே மைதானத்தில் ஓடிவிட்டார்கள். பலரும் கவனிக்காத உண்மை இது. சார்க் அமைப்பு டாக்காவில் தொடங்கப்பட்டது 1985 டிசம்பர் 8ஆம் திகதி. சாஃப் என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட முதலாவது விளையாட்டு விழாவோ அதற்கு ஓராண்டு முன்னரே, 1984 செப்டெம்பரில் காத்மண்டு தசரத் அரங்கில் நடந்து முடிந்திருந்தது.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், பங்களாதேஷ், பூட்டான், மாலைதீவு ஆகிய ஏழு நாடுகள் அதிற் பங்குபற்றின. மெய்வல்லுநர், நீச்சல், உதைபந்தாட்டம், குத்துச்சண்டை, பாரந்தூக்கல் என ஐந்தே போட்டிகள். இந்தியா 44 தங்கங்களை அள்ளிச் சென்றது. 7 தங்கங்களுடன் இலங்கை இரண்டாம் இடம். ஆனால் உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் பங்களாதேஷை 4-2 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது நேபாளம்.

இந்த விழாவின் உண்மையான சிறப்பு அதுதான். ஒலிம்பிக்கிலோ ஆசிய விளையாட்டு விழாவிலோ இறுதிச் சுற்றைக்கூடக் காண முடியாத சிறிய நாட்டு வீரனுக்கு இங்கே ஒரு மேடை கிடைக்கிறது. பங்களாதேஷின் ஷா ஆலம் 1985இலும் 1987இலும் 100 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, தெற்காசியாவின் அதிவேக மனிதர் எனப் பெயர் பெற்றார். 1990இல் வீதி விபத்தொன்றில் அவர் மாண்டார். மாலைதீவு தன் முதலாவது தங்கத்துக்கு 35 ஆண்டுகள் காத்திருந்தது. 2019இல் அதே 100 மீற்றரில் ஹசன் சயீத் அதனை வென்று கொடுத்தார்.

ஆனால், விழா எப்போது, எங்கே நடைபெற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியே நிகழ்ந்தவையே தீர்மானித்தன. 1987 நவம்பரில் கல்கத்தாவில் மூன்றாவது விழா நடந்தபோது இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போரிட்டுக் கொண்டிருந்தது. கார்கில் போர் ஓய்ந்த சில மாதங்களில், 1999இல், இந்தியாவும் பாகிஸ்தானும் காத்மண்டுவில் ஒரே விழாவிற் கலந்துகொண்டன. 2001இல் இஸ்லாமாபாத்தில் நடந்திருக்க வேண்டிய விழா ஆப்கானிஸ்தான் போரினாற் பின்போடப்பட்டு 2004இலேயே நடைபெற்றது. ஆப்கானிஸ்தான் முதன்முறையாகப் பங்குபற்றியதும் அப்போதுதான்.

இலங்கை இரு தடவைகள் இவ்விழாவை நடத்தியுள்ளது. முதலாவது 1991 டிசம்பரில். இரண்டாவது 2005இல் நடைபெற வேண்டியது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அதனை 2006 ஆகஸ்ட் 18இற்குத் தள்ளியது. அந்த ஆகஸ்ட் மாதத்தை எந்தப் பத்திரிகையாளனும் மறக்க முடியாது.

11ஆம் திகதி முகமாலையில் போர் வெடித்தது. ஏ-9 வீதி மூடப்பட்டது. 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானங்கள் குண்டு வீசியதிற் பாடசாலை மாணவிகள் பலர் கொல்லப்பட்டனர். அதே நாள் கொழும்பில் பாகிஸ்தான் தூதுவரின் வாகனத் தொடரை இலக்கு வைத்த கிளைமோர்த் தாக்குதலில் ஏழு பேர் மாண்டனர். தூதுவர் உயிர் தப்பினார். முத்தரப்புத் தொடருக்காக வந்திருந்த தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணி விளையாடாமலே நாடு திரும்பியது. ஆயினும் தெற்காசிய அணிகள் வந்தன. தூதுவர் தாக்கப்பட்ட பாகிஸ்தானின் அணியும் வந்தது. உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில் இலங்கையை வென்று தங்கமும் பெற்றது.

அந்த நாட்களிற் பத்திரிகையின் முன்பக்கத்தில் மரணங்களின் எண்ணிக்கையும், பின்பக்கத்திற் பதக்கங்களின் எண்ணிக்கையும் அச்சாகின. இரண்டையும் ஒருங்கே வாசித்தவர்களில் நானும் ஒருவன். அயல்நாட்டு வீரர்கள் விமானமேறிக் கொழும்புக்கு வந்திறங்கினர். ஆனால் யாழ்ப்பாணத்து இளைஞனுக்குச் சுகததாச அரங்குக்கு வரத் தரைவழி இருக்கவில்லை. அந்த வீதி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்படவுமில்லை. அயலவருக்கு விருந்து வைத்த நாடு, தன் வீட்டின் ஓர் அறையைப் பூட்டி வைத்திருந்தது. அந்த விழாவை நினைக்கும்போதெல்லாம் பதக்கப் பட்டியலுக்கு முன்னதாக இதுவே என் நினைவுக்கு வருகிறது.

இருந்தும், விழாவே வீண் என்று நான் சொல்லமாட்டேன். சார்க் தலைவர்கள் கடைசியாக உச்சிமாநாட்டிற் கூடியது 2014 நவம்பரில். 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு கைவிடப்பட்டது. ஆனால் அதே 2016 பெப்ரவரியில், பதான்கோட் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழிந்த நிலையிலும், பாகிஸ்தான் வீரர்கள் குவாஹாட்டிக்கும் ஷில்லாங்குக்கும் சென்றார்கள். 2019இல் காத்மண்டுவில் மீண்டும் சந்தித்தார்கள். 2015 நிலநடுக்கத்தில் சேதமடைந்த தசரத் அரங்கைச் சீரமைத்து அந்த விழாவை நடத்திய நேபாளம், 51 தங்கங்களுடன் இரண்டாம் இடத்தையும் பிடித்தது.

அதன்பின் பாகிஸ்தானில் 2021இல் நடைபெறவேண்டிய 14ஆவது விழா திரும்பத் திரும்பப் பின்போடப்பட்டது. அரசியல்வாதிகள் காத்திருக்கலாம், அவர்களுக்கு வயதெல்லை இல்லை. ஓட்டவீரனின் கால்களுக்கு உண்டு. ஒரு விழா தள்ளிப்போகும்போது ஒரு தலைமுறையின் ஒரேயொரு வாய்ப்பும் அதனோடு போய்விடுகிறது.