பெருந்தமனி வால்வு ஒட்டு: நீண்டகாலக் கண்காணிப்பின் வரலாறு

இதயத்திலிருந்து உடலுக்குச் செல்லும் இரத்தம் பெருந்தமனி வால்வைக் கடந்தே செல்கிறது. மூன்று மெல்லிய இதழ்களைக் கொண்ட இவ்வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகினாலும், சரியாக மூடாமல் கசிந்தாலும் இதயம் தளர்ந்துபோகும். 1960ஆம் ஆண்டு வாக்கில் கூண்டுக்குள் பந்து அமைந்த செயற்கை வால்வுகள் புழக்கத்துக்கு வந்தன. அவை உயிரைக் காத்தன. எனினும் அவற்றின்மீது இரத்தம் உறையும் ஆபத்து இருந்ததால், நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் உறைவெதிர்ப்பு மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது.

இறந்தவரின் வால்வை எடுத்துப் பொருத்தினால் இந்த மருந்து தேவைப்படாது. 1962 ஜூலையில் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் டொனால்டு ராஸ் இதைச் செய்தார். அடுத்த மாதமே நியூசிலாந்தின் ஆக்லாந்தில், கிரீன் லேன் மருத்துவமனையில், பிரையன் பாரட்-பாய்ஸ் தனித்து இதையே செய்தார்.

தேவைப்படும் நாளில் வால்வு கையில் இருக்க வேண்டும் என்பதால் அவற்றைச் சேமிக்க வேண்டியிருந்தது. உறையவைத்து உலர்த்துதல், வேதிப்பொருளில் ஊறவைத்தல், கதிர்வீச்சால் கிருமி நீக்குதல் ஆகியவை தொடக்ககால முறைகள். அறுவை மேசையில் அந்த வால்வுகள் நன்றாகவே இயங்கின. சில ஆண்டுகள் கழித்து நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோதுதான் இதழ்கள் கிழிவதும் சுண்ணாம்பு ஏறுவதும் தெரிந்தன. மீயொலிக் கருவி பரவாத காலம் அது. இதயம் விரியும் நேரத்தில் ஸ்டெதஸ்கோப்பில் புதிதாக ஒரு முணுமுணுப்பு கேட்டால், வால்வு கசிகிறது என்று பொருள். ஆக்லாந்து குழு 1968இல் ஆன்டிபயாடிக் கரைசலுக்கு மாறியதற்கு இத்தகைய அனுபவமே காரணம். 1975இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மார்க் ஓ'பிரையன் குழு, உயிரணுக்கள் பிழைத்திருக்கும்படி வால்வுகளை மிகக் குறைந்த வெப்பநிலையில் உறையவைத்துப் பயன்படுத்தத் தொடங்கியது.

கண்காணிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவருக்கு அறுவை முடிந்து 15 ஆண்டு, இன்னொருவருக்கு 3 ஆண்டு. வேறொருவர் வால்வோடு தொடர்பில்லாத நோயால் இறந்திருப்பார். இவர்களை ஒரே கணக்கில் சேர்க்க, ஆயுள் காப்பீட்டுத் துறையின் ஆயுள் அட்டவணை முறை கைகொடுத்தது. 1987இல் ஆக்லாந்து குழு 252 வால்வுகளின் கணக்கை அம்முறையில் வெளியிட்டது. 10 ஆண்டு வரை பெரும்பாலானவை குறிப்பிடத்தக்க கசிவின்றி இயங்கின. 14ஆம் ஆண்டில் அவ்வாறு இயங்கியவை பாதிக்கும் குறைவு. பத்தாண்டோடு கணக்கை நிறுத்தியிருந்தால் இம்முறை முழு வெற்றி என்றே எழுதப்பட்டிருக்கும்.

ராஸ் 1967இலேயே வேறொரு வழியையும் தொடங்கியிருந்தார். நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வைப் பெருந்தமனியின் இடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் இறந்தவரின் வால்வை வைக்கும் முறை அது. ஒரு நோய்க்காக இரண்டு வால்வுகளைத் தொடுவதா என்று பலர் தயங்கினர், நியாயமான தயக்கமே. 216 நோயாளிகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2010இல் வெளியானது. 10 ஆண்டுக்குப் பின் உயிர் வாழ்ந்தவர்கள் சொந்த வால்வு பெற்றோரில் 97%, பிறர் வால்வு பெற்றோரில் 83%. ஆனால் அந்த அறுவைகள் அனைத்தையும் செய்தவர் தேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவரே. அதே பலன் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்குமா என்ற விவாதம் அதனால் நீடித்தது.

இறந்தவர் வால்வு இன்றும் கைவிடப்படவில்லை. கிருமித்தொற்றால் வால்வும் பெருந்தமனியின் அடிப்பகுதியும் சிதைந்த நோயாளிகளுக்கு அது இன்னும் பொருத்தப்படுகிறது.