வில்லை மாறிய காசும் உலோகச் சான்றும்

காசின் உலோகத்தை வைத்தே அதன் மதிப்பை வகைப்படுத்துதல் நாணயவியலில் வழக்கம். அவ்வழக்கம் வழுக்கும் இடமொன்றை, டப்ளினுக்கு மேற்கே விரிகுடாவின் அக்கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை காட்டுகிறது.

இரண்டாம் உலகப்போரில் செம்பு படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்டமையால், அமெரிக்க அரசு 1943இல் ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்டது. எனினும் முன்னாண்டின் வெண்கல வில்லைகள் சில எஞ்சி நின்று, எஃகு வில்லைகளோடு அச்சுக்குள் சென்றன எனக் கருதுவர். பிலடெல்பியா, டென்வர் சாலைகளிலும் இது நேர்ந்தது. மறுதலையாக, 1944இல் எஃகில் அச்சேறியனவும் உள. எஃகுக் காசு 2.7 கிராம், வெண்கலக் காசு 3.11 கிராம். செம்புப் பூச்சிட்ட போலியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கிய போலியைக் காட்டாது. அங்கு எண்ணின் வடிவத்தையே நோக்க வேண்டும்.

இதனைப் பிழையெனத் துணிய முடிவது, அவ்வாண்டுக்குரிய உலோகம் எதுவென ஆவணம் உள்ளமையால். சோழர் காசுகளுக்கு அவ்வாய்ப்பில்லை. முதலாம் இராசராசனின் நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட காசு பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும் கிடைக்கிறது. அது பிழையன்று, மதிப்பு வேறுபாடு. ஆயின் தனியொரு காசு எதிர்பாரா உலோகத்தில் கிடைப்பின், புதிய வகையென அறிவிக்குமுன் எடையையும் அச்சையும் ஒப்பிடல் வேண்டும். அச்சு ஒரு வகையினதாகவும் எடை வேறொரு வகையினதாகவும் இருப்பின், வில்லை மாறியிருக்கலாம். படத்தை மட்டும் வெளியிட்டு எடையை விடுத்த காசுப் பட்டியல்கள் இச்சோதனைக்கு உதவா.