உடன்குடித் தேரி மணலும் தனிமங்களின் வகைப்பாடும்

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தென்மேற்கே உள்ள உடன்குடி, கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற ஊர். இதன் அருகே குதிரைமொழித் தேரி எனப்படும் செம்மணல் குன்றுகள் பரந்துள்ளன. இம்மணலை ஒரு பிடி அள்ளினால் உலோகம், அலோகம், உலோகப்போலி ஆகிய மூவகைத் தனிமங்களும் கைக்குள் வந்துவிடும். மணலின் பெரும்பகுதி குவார்ட்சு. அது சிலிக்கான் என்ற உலோகப்போலியும் ஆக்சிசன் என்ற அலோகமும் சேர்ந்த சேர்மம். மணிகளைச் சிவப்பாக்குவது அவற்றின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. இடையிடையே தெரியும் கரிய மணிகளில் இல்மனைட்டு உண்டு. இது இரும்பும் தைட்டானியமும் ஆக்சிசனுடன் சேர்ந்த கனிமம்.

இப்பகுதியில் மனிதர் முதலில் பயன்படுத்தியது உலோகத்தை அன்று. பழைய திருநெல்வேலி மாவட்டத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதினர். அக்கருவிகள் குவார்ட்சு, செர்ட்டு போன்ற சிலிக்காக் கற்களால் ஆனவை. உடைத்தால் கூர்முனை தரும், ஆனால் வளையாது. உலோகக் காலத்தைத் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் காட்டுகிறது. 1876இல் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் அங்கு அகழ்ந்தனர். கிடைத்தவற்றில் பொன் நெற்றிப்பட்டங்கள் பளபளப்பு மாறாமல் இருந்தன, வெண்கலத்தில் பச்சை படிந்திருந்தது, இரும்பு துருவேறியிருந்தது. உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூல்களில் இல்லை.

தனிமங்களை உலோகம், அலோகம் எனப் பிரித்த இலவாசியே 1789இல் தம் பட்டியலில் சிலிக்காவையும் சுண்ணாம்பையும் தனிமங்களாகவே சேர்த்தார். அன்றைய முறைகளால் அவற்றை மேலும் பிரிக்க இயலவில்லை. பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் பூசும் அதே சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தை 1808இல் டேவி பிரித்தார். சிலிக்கானை 1824இல் பெர்சிலியசு பிரித்தெடுத்தார். அது உலோகம்போல் மின்னும், ஆனால் தட்டினால் நொறுங்கும்; மின்சாரத்தை ஓரளவே கடத்தும், வெப்பமேறினால் கூடுதலாகக் கடத்தும். உலோகங்களில் இது நேர்மாறாக நிகழும். உலோகப்போலி என்று தனி வகை வேண்டியிருந்தது இத்தகைய தனிமங்களால்தான்.

1871இல் மெண்டெலீவ் வெளியிட்ட அட்டவணையின் நான்காம் தொகுதியில் சிலிக்கான், தைட்டானியம், சிர்க்கோனியம், தோரியம் நான்கும் ஒன்றாக இருந்தன. நான்குமே ஓர் அணுவுக்கு இரண்டு ஆக்சிசன் வீதம் ஆக்சைடு தருவது அதற்குக் காரணம். இந்த நான்கும் நம் தென்கடற்கரை மணலிலும் சேர்ந்தே கிடைக்கின்றன. தோரியம் அடங்கிய மோனசைட்டை 1909இல் மணவாளக்குறிச்சியில் சோம்பர்க் கண்டறிந்தார். இன்று சிலிக்கான் 14ஆம் தொகுதியிலும், தைட்டானியமும் சிர்க்கோனியமும் 4ஆம் தொகுதியிலும் உள்ளன. 1945இல் சீபோர்க் முன்வைத்த ஆக்டினைடு வரிசைக்குத் தோரியம் மாறியது.

குவார்ட்சின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, இல்மனைட்டினுடையது 4.7. காற்று இலேசான மணியை முன்னே தள்ளும். கனமானது பின்தங்கிக் கரிய கோடாகும். ஆலைகளிலும் எடை, காந்தத்தன்மை ஆகியவற்றைக் கொண்டே பிரிக்கிறார்கள். தைட்டானியத்தை உலோகமாக்குவதுதான் கடினம். 1791இல் கிரிகோர் கண்ட இத்தனிமம் 1910இல்தான் தூய நிலையில் கிடைத்தது. சூட்டில் ஆக்சிசனையும் நைட்ரசனையும் அது விடாமல் பற்றிக்கொள்ளும். ஆகவே பெருமளவு இல்மனைட்டு வெள்ளை நிறமியான தைட்டானியம் டைஆக்சைடாகவே மாற்றப்படுகிறது. உடன்குடிக்கு மேற்கே சாத்தான்குளம் வட்டாரத்தில் அத்தகைய ஆலை அமைக்க 2007இல் டாட்டா ஸ்டீல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்தது. நிலமும் பனையும் போய்விடும் என்று மக்கள் எதிர்த்தனர். ஆலை கட்டப்படவில்லை.