சோறும் சுனையும் போட்ட பாதை

போன மாசம் ஒரு சனி ஞாயிறுல நண்பர்கள் நாலு பேரா முதுகுப்பையை மாட்டிக்கிட்டு திருவண்ணாமலைக்குப் போனோம். ரமணாசிரமத்துப் பின்வாசல்ல ஏறி கந்தாசிரமம், அங்கேருந்து இறங்கினா விருபாக்ஷி குகை, குகை நமசிவாயர் கோயில், கடைசியா பெரிய கோயிலோட பேய்க் கோபுரத்துப் பக்கம் ஊருக்குள்ள வந்துடலாம். பெரும்பாலும் கல் பாவின பாதை. இமயமலை ஏறிட்டு வந்து பதிவு போடுறவங்க முன்னாடி இதையெல்லாம் மலையேற்றம்னு சொன்னா சிரிப்பாங்க :-)

கூட வந்த நண்பர் ஒருத்தர் நல்ல கேள்வி ஒண்ணு கேட்டார். "மலைப்பாதைன்னா உச்சிக்குத்தானே போகணும்? இது என்னய்யா, பாதி ஏறிட்டு திரும்ப ஊருக்கே இறங்குது?"

என் பதில் இதுதான். இந்தப் பாதை உச்சிக்காகப் போட்ட பாதையே இல்லை. சோத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல நடந்து நடந்து உண்டான பாதை.

குகைகள் எங்கெங்க இருக்குன்னு பாருங்க. விருபாக்ஷி குகை, குகை நமசிவாயர் இருந்த இடம், மாமரத்துக் குகை, கந்தாசிரமம் எல்லாமே ஊரைப் பார்த்த சரிவுலதான். துறவின்னாலும் வயிறு உண்டே! மேல ஒரு சுனை வேணும், கீழ பிச்சை போட நாலு வீடு வேணும். ரெண்டும் நடந்து எட்டுற தூரத்துல இருந்தாத்தான் குகையில குடித்தனம் நடக்கும்.

ரமணர் கதையையே இந்தக் கண்ணால படிச்சா எல்லாம் தெளிவா விளங்கும். 1896 செப்டம்பர் 1-ந் தேதி பதினாறு வயசுப் பையனா இந்த ஊருக்கு வந்தார். 1899-ல மலைமேல விருபாக்ஷி குகைக்குப் போனார். 1916 வரைக்கும் அங்கதான். ஆனா கோடையில அங்க தண்ணி கஷ்டம். அதனால வெயில் காலத்துல கொஞ்சம் கீழ, தண்ணி கிடைக்கிற மாமரத்துக் குகைக்கு வந்துடுவார். 1905 வாக்குல ஊர்ல பிளேக் வந்தப்போ சில மாசம் பச்சையம்மன் கோயில்ல தங்கினார். கந்தாசிரமமும் தண்ணிக்காக வந்ததுதான். மேல வற்றாத ஊற்று ஒண்ணு இருந்த இடத்துல கந்தசாமிங்கிற அடியவர் பாறையைச் சமன்படுத்தி, மரம் வெச்சு, கட்டடம் எழுப்பினார். அவர் பேர்லதான் அது கந்தாசிரமம்.

தண்ணி கதை இப்படின்னா, சோத்துக் கதை இன்னும் சுவாரசியம். குகையில இருந்த அடியவர்கள் தினமும் ஊருக்குள்ள இறங்கி, பாட்டுப் பாடிக்கிட்டே பிச்சை எடுப்பாங்க. அப்படிப் போறப்போ பாடறதுக்குன்னு தனியா ஒரு பாட்டு வேணும்னு கேட்டதாலதான் ரமணர் 108 கண்ணிகள் கொண்ட அக்ஷரமணமாலையைப் பாடினார். இன்னைக்கு ஆசிரமத்துல உட்கார்ந்து பக்தியோட பாடுற அந்தப் பாட்டு, முதல்ல இந்தப் பாதையில இறங்கித் தெருத்தெருவாப் போன பாட்டு!

கீழேருந்து மேல ஏறின சோறும் உண்டு. புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துட்டு வந்த எச்சம்மாள் தினமும் சமைச்சு எடுத்துக்கிட்டு மலை ஏறுவாங்க. முதலியார் பாட்டியும் அப்படித்தான். குகை நமசிவாயர் கோயில் பக்கம் இருந்த கீரைப்பாட்டி மலையில கீரை பறிச்சுச் சமைச்சுக் கொடுப்பாங்க. நம்மள மாதிரி ரெண்டு நாள் முதுகுப்பை இல்லீங்க இது, வருஷக்கணக்கா தினம் சுமந்த சோத்துப் பாத்திரம். என்னைக் கேட்டா இந்தப் பாதைக்கு இந்தப் பெண்கள் பேரைத்தான் வைக்கணும்.

1916-ல தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்தாங்க. கந்தாசிரமத்துல அடுப்பு எரிய ஆரம்பிச்சது. 1922 மே மாசம் அவங்க மறைஞ்சதும் மலையோட தெற்கு அடிவாரத்துல சமாதி வெச்சாங்க. ரமணர் கந்தாசிரமத்துல இருந்து அந்தச் சமாதிக்கு நடந்து வந்து போய்க்கிட்டிருந்தார். அந்த வருஷக் கடைசியில கீழயே தங்கிட்டார். அதுதான் ரமணாசிரமம். இன்னைக்கு நாம காலையில ஏறுற வழி, அம்மா சமாதிக்கு மகன் இறங்கின திசையில போற வழி.

ஊரும் சும்மா இருக்கல. விறகு, மேய்ச்சல், காட்டுத் தீன்னு எல்லாம் சேர்ந்து மலையை மொட்டையாக்கிடுச்சு. 1980-களின் கடைசியில இருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டு, கோடையில தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீ பிடிச்சா ஓடிப்போய் அணைச்சதாலதான் இப்ப நமக்குப் பாதையில நிழல்.

சுனைக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு காலத்துல நடக்கிற தூரம் இருந்தது. அப்புறம் வீடுகளே சரிவை நோக்கி ஏற ஆரம்பிச்சது. 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில மலை சரிஞ்சு வ.உ.சி. நகர் வீட்டுமேல மண்ணும் பாறையும் விழுந்தது. ஏழு பேர் செத்துப் போனாங்க, அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அந்த டிசம்பர் 13 தீபத்துக்கு பக்தர்களை மலை ஏற விடல.

அந்த வீடுகள்ல இருந்தவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. அடிவாரத்துல ஒதுங்குறவங்க வேற இடத்துக்குக் காசு இல்லாதவங்கதான். ஆனா பழைய குகைவாசிகளுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தது. தண்ணி எங்க ஊறும், எந்த வழியா இறங்கும், எந்த மாசம் வத்தும்னு பார்த்துத்தான் அவங்க இடம் மாறினாங்க. வீட்டு மனை போடுறவங்களும் அதுக்கு அனுமதி கொடுக்கறவங்களும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கணும்.

திருவண்ணாமலைக்குப் போற நண்பர்களே, கந்தாசிரமத்துப் பாறையில நின்னு கோபுரத்தைப் படம் எடுங்க, தப்பில்லை. அப்படியே மழைத்தண்ணி எந்தப் பக்கம் இறங்குது, அங்க யார் வீடு இருக்குன்னும் ஒரு நிமிஷம் பாருங்க.