புலி, புமி, முடி

தலைப்பைப் பார்த்துட்டு சலூன் பத்தின பதிவுன்னு நினைச்சுடாதீங்க மக்களே. மூணுமே நாய்ங்க. ஹங்கேரி நாட்டு ஆட்டுக்காரங்க வளர்த்த நாய்ங்க. அவங்க மொழியில உச்சரிப்பும் கிட்டத்தட்ட இதேதான். வேடிக்கை என்னன்னா, உடம்பெல்லாம் சடை சடையா ரோமம் தொங்குற நாய்க்குப் பேரு புலி. மூஞ்சியில வழவழன்னு குட்டை ரோமம் மட்டும் இருக்குற நாய்க்குப் பேரு முடி :-)

இன்னைக்கு நம்ம கதாநாயகன் இந்த முடிதான். மூணு பேர்ல கடைசியா பேரு கிடைச்சது இவருக்குத்தான். பேரு கிடைச்ச பத்து வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட காணாமப் போனதும் இவர்தான்.

ஹங்கேரியோட கிழக்குப் பாதி பெரிய சமவெளி. மரம் குறைவு, புல் அதிகம். ஆடு, மாடு, பன்னி, குதிரைன்னு மந்தை மந்தையா மேய்ஞ்ச பூமி. அங்க நாய்களுக்கு ரெண்டு விதமான வேலை. ஒண்ணு காவல். ராத்திரி கிடைக்குப் பக்கத்துல படுத்து ஓநாயையும் திருடனையும் விரட்டணும். இதுக்கு கொமொண்டோர், குவாஸ்னு ரெண்டு பெரிய வெள்ளை நாய்கள். இன்னொண்ணு ஓட்டுற வேலை. சிதறிப்போற மந்தையை வளைச்சு, ஆட்டுக்காரர் காட்டுற பக்கம் தள்ளிக்கிட்டுப் போகணும். இதுக்கு உடம்பு பெருசா இருக்க வேண்டியதில்லை. வேகமும் குரலும் மூளையும் வேணும். நம்ம மூணு பேரும் இந்த ரகம்.

புலி பழைய இனம். பதினெட்டாம் நூற்றாண்டு வாக்குல மேற்கேயிருந்து மெரினோ ஆடுகள் வந்தப்ப, கூடவே ஜெர்மனி, பிரான்ஸ் பக்கத்து மேய்ச்சல் நாய்களும் வந்து சேர்ந்துச்சு. அதுங்க புலியோட கலந்து புமி உருவாச்சுங்கறாங்க. உள்ளூர் நாய்களும் நிமிர்ந்த காது வெச்ச ஜெர்மன் மேய்ச்சல் நாய்களும் கலந்து உருவானது முடின்னு ஒரு கணிப்பு. யாரும் திட்டம் போட்டு உருவாக்கலை. நல்லா வேலை செஞ்ச நாயோட குட்டியை ஆட்டுக்காரர் வெச்சுக்கிட்டார், அவ்வளவுதான். அவரைக் கேட்டா புலி, புமி, முடின்னு பிரிச்செல்லாம் சொல்லியிருக்க மாட்டார். 'ஓட்டுற நாய்'னு சொல்லியிருப்பார்.

பிரிச்சது படிச்சவங்க. புடாபெஸ்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில இருந்த எமில் ராய்ட்சிட்ஸ் 1920கள்ல புலியையும் புமியையும் தனித்தனி இனமா வரையறுத்தார். அப்பவும் நிமிர்ந்த காதும் சுருள் முதுகும் வெச்ச மூணாவது ஒண்ணு எந்தக் கணக்குலயும் சேராம ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாலஷ்ஷாத்யர்மத்ங்கற ஊர்ல அருங்காட்சியகத்தை நடத்திக்கிட்டிருந்த டெஜோ ஃபேன்யெஷ்தான் அதைக் கவனிச்சு, தேடிச் சேர்த்து, 1936ல 'முடி'ங்கற பேரோட தனி இனமா முன்வெச்சார். அதே 1936லதான் அமெரிக்க கென்னல் கிளப் புலிக்கு அங்கீகாரம் கொடுத்துச்சு. அண்ணன் அமெரிக்கா போன வருஷம்தான் தம்பிக்குப் பேரே வெச்சாங்க!

ஏன் இவ்வளவு தாமதம்? என் கணிப்பைச் சொல்றேன். புலியோட சடையைப் பார்த்தா யாரும் நின்னு பார்ப்பாங்க. முடிகிட்ட அப்படி ஒண்ணும் இல்லை. அதோட அருமை வேலை செய்யறப்பதான் தெரியும். கண்காட்சிக்குப் போறவங்க கண்ணுல அது படாம போனதுல ஆச்சரியம் இல்லை.

பேரு கிடைச்சு எட்டு வருஷம்தான். 1944 அக்டோபர்ல டெப்ரெட்சென் நகரைச் சுத்தின அதே சமவெளியில டாங்கிகள் மோதிக்கிச்சு. 1945 பிப்ரவரி வரைக்கும் புடாபெஸ்ட் முற்றுகையில கிடந்துச்சு. மனுஷங்களே பட்டினி கிடந்த நாட்டுல நாய்க்கு யாரு சோறு வெப்பா? போர் முடிஞ்சப்ப முடி இனம் அழியற நிலைக்கு வந்திருந்துச்சு. அப்புறம் நிலமும் மந்தையும் கூட்டுப்பண்ணைகளுக்குப் போக, பழைய ஆட்டுக்காரர் வாழ்க்கையும் கலைஞ்சுபோச்சு.

ஆனாலும் பொழைச்சுது. மிச்சம் மீதி இருந்த நாய்களை வெச்சு ஆர்வலர்கள் திரும்ப ஆரம்பிச்சாங்க. சர்வதேச நாய்கள் கூட்டமைப்பு 1966ல அங்கீகரிச்சது. அமெரிக்க கென்னல் கிளப்பின் முழு அங்கீகாரம் 2022லதான், புலிக்கு 86 வருஷம் கழிச்சு. இன்னிக்கும் உலகம் முழுக்க சேர்த்தாலே சில ஆயிரம்தான் இருக்கும்ங்கறாங்க. ஹங்கேரிக்கு வெளியே ஃபின்லாந்துல கொஞ்சம் அதிகம். அங்க மீட்புப் பணிகள்லகூட பயன்படுத்தறாங்க.

ஆள் எப்படி இருப்பார்? ஆண் 41 முதல் 47 செ.மீ. உயரம், 11 முதல் 13 கிலோ. பெண் 38 முதல் 44 செ.மீ., 8 முதல் 11 கிலோ. ஆப்பு மாதிரி கூம்பின தலை, விறைச்ச முக்கோணக் காது, அலையலையா சுருண்ட முதுகு ரோமம். சில குட்டிங்க பிறக்கறப்பவே குட்டை வாலோட பிறக்கும். புலியைக் குளிப்பாட்டினா சடை காய ஒரு நாளுக்கு மேல ஆகும். முடிக்கு வாரம் ஒரு தடவை சீவிவிட்டா போதும், சேறு காய்ஞ்சு தானே உதிர்ந்துடும்.

சீவறது சுலபம்னு வளர்ப்பும் சுலபம்னு நினைச்சுடக் கூடாது. முரண்டு பிடிக்கிற மாட்டையும் பன்னியையும் குரைச்சும் குதிகாலைக் கவ்வியும் நகர்த்துன நாய் இது. அந்தக் குரல் இன்னும் அப்படியேதான் இருக்கு. அடுக்குமாடியில பூட்டிப்போட்டா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். தினமும் நல்லா ஓடணும், கூடவே மூளைக்கும் ஏதாவது வேலை வேணும். வேலை இல்லைன்னா அதுவே ஒண்ணைத் தேடிக்கும், உங்க சோபா காலி. கத்தி அதட்டினா சுருங்கிப்போயிடும். குட்டியிலேயே பல மனுஷங்களையும் சத்தங்களையும் பழக்கிடணும். வாங்கறதுக்கு முன்னாடி தாய் தகப்பனோட இடுப்பு மூட்டு, முழங்கால் சில்லு, வலிப்பு விவரங்களை விசாரிக்கணும்.

இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். சாம்பல் நீலத்துல கருப்புத் திட்டு போட்ட 'மெர்ல்' நிறம் இந்த இனத்துல உண்டு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா தாய், தகப்பன் ரெண்டும் மெர்லா இருந்தா, குட்டி ஒவ்வொண்ணுக்கும் அந்த மரபணு ரெண்டு பக்கமிருந்தும் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. அப்படிப் பிறக்கற குட்டிங்க பலதும் காது கேக்காம, கண்ணு சரியா தெரியாம பிறக்கும். அதனால மெர்லோட மெர்லைச் சேர்க்கவே கூடாது. நிறத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யறவங்க எந்த இனத்துலயும் உண்டு. எண்ணிக்கையே குறைவா இருக்கற இனத்துல அது இன்னும் பெரிய பாவம்.

ஆட்டுக்காரர் நிறத்தைப் பார்க்கலை, காதைப் பார்க்கலை, பேருகூட வெக்கலை. வேலையை மட்டும் பார்த்தார். அதனாலதான் நல்ல கண்ணும் காதும் அறிவும் வாய்ச்ச நாய் நமக்குக் கிடைச்சது. பேரு, சான்றிதழ், மெடல்னு எல்லாம் கிடைச்ச பிறகு நாம அதை வெறும் அழகுப் பொம்மையா மாத்திட்டோம்னா, குண்டுக்குத் தப்பினது நம்ம ஆசைக்குத் தப்பலைன்னு ஆயிடும்.

நாய் வளர்க்கற நண்பர்கள் பின்னூட்டத்துல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. புலி, கொமொண்டோர் பத்தி தனியா ஒரு பதிவு போடலாம்னு இருக்கேன். சடை பராமரிப்பு மட்டுமே நாலு பக்கம் வரும் போலிருக்கு!